முக்கூடல் எங்கே இருக்கிறது?
தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரின் வரலாற்றைத் தேடும் வழி

"எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்த கால் எது?" "வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிறது, தரையில் இல்லையே, என்ன செய்யலாம்?" "மேலமடைக்குத்தான் முதல் முறை என்று எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது?" உரம், பூச்சி, விதை பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக உழவர்கள் அதிகம் கேட்பவை இப்படிப்பட்டவைதான். இவற்றுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் பதில் கிடைக்காது. ஊரின் வரலாறும் நில அமைப்பும் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும்.

ஊர் வரலாறு என்றதும் ராஜா கதை, கோயில் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பாசன நிலம் வைத்திருக்கிற ஒருவருக்கு ஊர் வரலாறு என்பது தண்ணீர்க் கணக்கு. அதை எப்படித் தேடுவது, தேடும்போது எங்கே வழி தவறும் என்பதைத் தெரிந்துகொள்ள திருநெல்வேலிச் சீமையில் ஒரு நல்ல ஊர் இருக்கிறது. அதன் பெயர் முக்கூடல்.

ஒரே பெயர், இரண்டு இடம்

திருநெல்வேலியிலிருந்து பேட்டை வழியாக மேற்கே பொட்டல்புதூர் போகும் சாலையில் தாமிரபரணியின் வடகரையில் இருக்கிறது முக்கூடல் பேரூராட்சி. ஆற்றங்கரையில் முத்துமாலை அம்மன் கோயில். வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டி பீடி சுற்றும் பெண்கள். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இந்த ஊரின் பெயர் தெரிந்ததே சொக்கலால் ராம்சேட் பீடியால்தான். ஆற்றின் தென்புறம் சேரன்மகாதேவி, வீரவநல்லூர். மேற்கே சில கிலோமீட்டரில் திருப்புடைமருதூர்.

இங்கே டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், "அண்ணாச்சி, பள்ளு பாடின ஊரு இதுதான" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பள்ளிப் பாடத்தில் படித்த 'முக்கூடற்பள்ளு' பலருக்கும் நினைவிருக்கும். அழகக் குடும்பன், அவனுடைய மூத்த மனைவி முக்கூடற்பள்ளி, இளைய மனைவி மருதூர்ப்பள்ளி, இவர்களுக்கு மேல் ஒரு பண்ணைக்காரன் என்று நான்கு பேரை வைத்து நடக்கும் நூல் அது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த நூலின் முக்கூடல் இந்தப் பேரூராட்சி அல்ல. அது திருநெல்வேலிக்குக் கிழக்கே, சீவலப்பேரிப் பகுதியில் இருக்கிறது. குற்றாலம் மலையிலிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியில் சேரும் இடம் அது. கயத்தாறு பக்கமிருந்து வருவதைக் கோதண்டராம நதி என்று உள்ளூரில் சொல்கிறார்கள். அதையும் சேர்த்து எண்ணித்தான் முக்கூடல் என்று பெயர். பள்ளு பாடும் அழகரின் கோயில் அங்கேதான் இருக்கிறது. இரண்டு முக்கூடலுக்கும் நடுவில் திருநெல்வேலி நகரமே இருக்கிறது.

கிழக்கே ஊரின் வழக்கப் பெயர் சீவலப்பேரி என்று நிலைத்துவிட்டது. மேற்கே முக்கூடல் என்ற பெயர் பேருந்துப் பலகையிலும் அஞ்சல் முத்திரையிலும் உயிரோடு இருக்கிறது. எனவே நூலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் மேற்கே போய் இறங்குவதில் வியப்பில்லை. இதை ஒருவரின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் யாருக்கும் இதுதான் நேரும்.

பெயர் ஏமாற்றும் விதம்

இன்னொரு சிக்கலும் உண்டு. இளைய மனைவியின் ஊர் மருதூர். கிழக்கு முக்கூடலுக்குக் கீழே தாமிரபரணியில் மருதூர் அணைக்கட்டு இருக்கிறது. மேற்கு முக்கூடலுக்குப் பக்கத்திலோ திருப்புடைமருதூர் இருக்கிறது. இரண்டு முக்கூடலுக்கும் அருகில் ஒரு மருதூர்! பெயர்ப் பொருத்தம் பார்த்தால் இரண்டுமே பொருந்தும்.

இதற்குக் காரணம் எளிது. கூடல் என்பது ஆறுகள் சேரும் எந்த இடத்துக்கும் வரக்கூடிய பொதுச்சொல். மருதூர் என்பது மருதமரம் நின்ற எந்த ஆற்றங்கரைக்கும் வரக்கூடிய பெயர். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நிலத்தை வைத்துத்தான். சிற்றாறு மேற்கு முக்கூடல் பக்கமே வருவதில்லை. நூலில் மூத்தவளின் நாடு ஆசூர் வடகரை நாடு என்றும், இளையவளின் நாடு சீவலமங்கைத் தென்கரை நாடு என்றும் வருகிறது. ஆற்றின் எந்தக் கரை, எந்த நாடு என்று அந்தக் காலத்து நிர்வாகப் பிரிவோடு சொல்லியிருக்கிறார் புலவர். அழகர் கோயில், சிற்றாறு, வடகரை தென்கரை என்று மூன்று நான்கு தடயங்கள் ஒரே இடத்தில் வந்து சேரும்போது முடிவு உறுதியாகிறது.

சீவலப்பேரி என்ற பெயரும் பாசனப் பெயர்தான். பாண்டிய மன்னர்களில் ஸ்ரீவல்லபன் என்ற பெயர் உண்டு. அவன் பெயரால் அமைந்த பேரேரி, அதாவது பெரிய ஏரி, பேச்சுவழக்கில் சீவலப்பேரி ஆயிற்று என்று விளக்கம் சொல்வார்கள். இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பலவும் இப்படித் தண்ணீரோடு தொடர்புடையவை. பேரி, குளம், சமுத்திரம், கால் என்று முடியும் பெயரைக் கண்டால், அந்த ஊர் ஒரு நீர்நிலையைச் சுற்றியோ வாய்க்காலை ஒட்டியோ உருவாகியிருக்க இடமுண்டு என்று எடுத்துக்கொண்டு தேடலாம். ஆனால் அது தேடலின் தொடக்கம்தான். முடிவு அல்ல.

ஆற்றை மேலிருந்து கீழே படியுங்கள்

மேற்கு முக்கூடலின் பெயருக்கு என்ன காரணம்? அதற்கு ஆற்றை மேலிருந்து பார்த்து வர வேண்டும்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பது இதன் சிறப்பு. மலையில் தென்மேற்குப் பருவமழையும், சமவெளியில் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால் கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கு ஆறு தண்ணீர் தருகிறது. ஜூனில் தொடங்கும் காருக்கு மலைமழை வேண்டும். அக்டோபரில் தொடங்கும் பிசானத்துக்கு வடகிழக்கு மழை வேண்டும்.

பாபநாசம், சேர்வலாறு அணைகளைத் தாண்டி இறங்கும் ஆற்றோடு கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் மணிமுத்தாறு சேர்கிறது. அதற்குக் கீழே, திருப்புடைமருதூரில், வடமேற்கிலிருந்து கடனாநதி வந்து சேர்கிறது. கடனாநதி தனியாக வருவதில்லை. ஜம்புநதி ராமநதியில் சேர, ராமநதி கடனாநதியில் சேர, எல்லாத் தண்ணீரும் ஒன்றாகத்தான் தாமிரபரணிக்கு வருகிறது. பல ஆறுகளின் தண்ணீர் ஒன்றாகி ஓடத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அமைந்த ஊருக்குக் கூடல் என்ற பெயர் பொருந்தாமல் போகாது. நூலின் ஊர் இதுவல்ல என்பதால் இந்த ஊரின் பெயர் பொய்யாகிவிடாது. கூடல் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

திருப்புடைமருதூரையும் ஒரு நாள் நேரில் பார்த்துவர வேண்டும். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் மரச் சிற்பங்களும் சுவர் ஓவியங்களும் இருக்கின்றன. கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சிகூட உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊர்மக்களே காத்துவந்த அந்த இடத்தை 2005இல் அரசு பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது. வயலில் தண்ணீர் நிற்கும் ஊரில்தான் கொக்கும் நாரையும் தங்கும். பறவையும் அந்த ஊரின் பாசனத்துக்கு ஒரு சாட்சி.

ஆற்றங்கரை ஊரெல்லாம் நஞ்சை ஊர் அல்ல

முக்கூடல் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதனால் ஊர் முழுக்க ஆற்றுப் பாசனம் என்று நினைத்தால் அது தவறு. ஆற்றுத் தண்ணீர் கரையேற வேண்டுமென்றால் மேலே ஓர் அணைக்கட்டு வேண்டும். அங்கிருந்து பிரியும் கால், நிலத்தின் சரிவைவிட மெதுவாக இறங்கி வரவேண்டும். அந்தக் காலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம்தான் பாசனம் பெறும். காலுக்கு மேலே உள்ள நிலம், ஆறு கண்ணில் பட்டாலும், வானம் பார்த்த பூமிதான்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து வரிசையாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அரசு கட்டியது. இந்த எட்டிலிருந்து 11 கால்கள் பிரிந்து சுமார் 86 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

இப்போது முக்கூடலைப் பாருங்கள். அதற்கு மேலே கன்னடியன், கீழே அரியநாயகிபுரம். கன்னடியன் கால் தென்கரையில் ஓடுகிறது. அது ஆற்றைத் தாண்டி வடக்கே வர முடியாது. அரியநாயகிபுரத்தில் பிரியும் கோடகன் கால் வடகரைதான், ஆனால் அது முக்கூடலுக்குக் கீழே தொடங்கித் திருநெல்வேலியை நோக்கிப் போகிறது. கீழே பிரியும் கால் மேலே இருக்கும் வயலுக்கு ஏறாது. முக்கூடலுக்கு வடக்கே ஆலங்குளம் திசையில் போகப்போகக் குளத்துப் பாசனமும், கிணற்றுப் பாசனமும், மானாவாரியும்தான் கண்ணில் படும். ஆறு பக்கத்தில் ஓடும் ஊரில் விவசாயத்துக்கு வெளியே ஒரு தொழில் ஏன் இவ்வளவு வேரூன்றியது என்று கேட்பவர்கள் இந்த நில அமைப்பையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

தென்கரையில் ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்துப் பிராமணர் ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு கால் வெட்ட நினைத்தார். எப்படி வெட்டுவது என்று கேட்டபோது, ஒரு பசுவின் பின்னே போ என்று அகத்தியர் சொன்னார். பசு நடந்த வழி கால் ஆயிற்று, அது படுத்த இடம் குளம் ஆயிற்று, நீர் விட்ட இடம் மடை ஆயிற்று. கன்னடியன் கால் பிறந்த கதை இது. கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். மேய்ச்சல் மாடு செங்குத்தாக ஏறி இறங்காது, சரிவை ஒட்டி மெதுவாகத்தான் நடக்கும். சமமட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் கால் எப்படி ஓட வேண்டும் என்ற அறிவை ஊர் இந்தக் கதையில் வைத்துப் பாதுகாத்திருக்கிறது.

கல்லில் ஒரு கணக்கு, பாட்டில் ஒரு கணக்கு

முக்கூடலுக்கு மேற்கே உள்ள அம்பாசமுத்திரத்தின் பழைய பெயர் இளங்கோக்குடி. அது முள்ளிநாட்டைச் சேர்ந்தது. அங்குள்ள எரிச்சாவுடையார் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் வரகுணனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் பூசைச் செலவுக்காக ஊர்ச்சபையிடம் 290 காசு கொடுக்கிறான் மன்னன். முதல் அப்படியே இருக்க வேண்டும். வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல். மொத்தம் 580 கலம். வட்டியைக் காசாகக் கேட்காமல் நெல்லாகக் கேட்டிருக்கிறார்கள் என்றால், ஆண்டுதோறும் நெல் விளையும் என்ற உறுதி அந்த மண்ணுக்கு 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. உழவருக்குக் கல்வெட்டைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. அதில் உள்ள நெல், மடை, எல்லை, அளவு ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

இதற்கும் முந்தைய சாட்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிந்ததாக 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கும், வாங்கிய சபையின் பெயர் இருக்கும். அந்த நெல்லை நட்டவர், அறுத்தவர் பெயர் இருக்காது. அந்தக் குறையைப் பள்ளு நூல் ஓரளவு நிரப்புகிறது. சேற்றில் இறங்கியவர்களைக் கதை மாந்தராக வைத்த நூல் அது. விதை எடுத்தது, உழுதது, நட்டது, அறுத்தது, அளந்தது என்று பண்ணை வேலை முழுவதும் அதில் வருகிறது. வேலை சரியாகப் பார்க்கவில்லை என்று பண்ணைக்காரன் குடும்பனைத் தொழுவில் மாட்டுவதும் வருகிறது. சிரிக்கச் சிரிக்கப் படித்தாலும், உழைத்தவர்களை ஆண்டைகள் எப்படி நடத்தினார்கள் என்பதை மறைக்காத நூல் அது.

வேளாண்மைக்காரர்கள் அதை ஒரு முறை பொறுமையாகப் படிக்க வேண்டும். சீரகச்சம்பா, மணல்வாரி, வாலான், முத்துவெள்ளை, சித்திரக்காலி என்று நெல் ரகங்களின் பட்டியல் இருக்கிறது. மாடுகளின் பட்டியலோ பார்த்துப் பழகியவர் எழுதியது. மயிலை, குடைக்கொம்பன், மஞ்சள்வாலன், வைக்கோற்போரை இழுத்துத் தின்னும் படப்புப்பிடுங்கி என்று கொம்பையும் வாலையும் குணத்தையும் பார்த்து வைத்த பெயர்கள். மலையாளப் பக்கம் மின்னுவதையும் ஈழப் பக்கம் மின்னுவதையும் நண்டு தன் வளையைச் சேற்றால் அடைப்பதையும் கண்டு, ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்று உழவர்கள் கணிக்கும் இடமும் இருக்கிறது. மேற்கில் மின்னினால் மலைக்கு மழை, கிழக்கில் மின்னினால் சமவெளிக்கு மழை. இரண்டு பருவமழையையும் நம்பி வாழும் பள்ளத்தாக்கின் வானிலை அறிவு இது.

இந்த நூலை அச்சில் கொண்டுவந்த அறிஞர்களில் ஒருவரான மு. அருணாசலம் காய்கறித் தோட்டம், பழத்தோட்டம் பற்றியும் தமிழில் புத்தகம் எழுதியவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இலக்கியமும் வேளாண்மையும் வேறு வேறு என்று அவர் நினைக்கவில்லை.

அந்த நெல் ரகங்களில் பல இன்று வயலில் இல்லை. 1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல் வந்த ஏ.எஸ்.டி. 16, 'அம்பை 16' என்ற பெயரில் இந்தப் பள்ளத்தாக்கை நிறைத்தது. எந்த ரகம் எப்போது வந்தது, எது எப்போது போனது என்பதும் ஊர் வரலாறுதான். அதை எழுதி வைக்க உழவரைவிடப் பொருத்தமானவர் யார்?

காகிதத்தில் தேடும் முறை

ஆங்கிலேயர் காலத்து நூல்களில் மூன்று முக்கியமானவை. ஏ. ஜே. ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலி மாவட்டக் கையேடு 1879இல் வந்தது. பிஷப் கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் 1881இல் வந்தது. எச். ஆர். பேட் தொகுத்த மாவட்ட விவரச்சுவடி 1917இல் வந்தது. அணைக்கட்டு, கால், பயிர், வரி பற்றி ஸ்டூவர்ட்டிலும் பேட்டிலும் விவரம் கிடைக்கும். ஆனால் இவை அரசாங்கத்தின் பார்வையில், வரி வசூலை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.

பழைய பத்திரம் கையில் கிடைத்தால் அதில் ஏக்கர் கணக்கு இருக்காது. 'கோட்டை விதைப்பாடு' என்று இருக்கும். ஒரு கோட்டை விதை விதைக்கத் தேவையான நிலம் என்று பொருள். திருநெல்வேலிப் பக்கம் கோட்டைக்கு 21 மரக்கால். நிலக் கணக்கில் ஒரு கோட்டை விதைப்பாடு ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் வரும். பாட்டன் காலத்துப் பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் கணக்கு உதைக்கும்.

இங்கிலாந்தில் சிறு சிறு கிராமங்களின் வரலாற்றைக்கூட ஊர்க்காரர்களே எழுதும் பழக்கம் உண்டு. 1086இல் அரசன் எடுத்த நிலக் கணக்கிலிருந்து தொடங்குவார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது 1836ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரான தேவாலய வரி வரைபடங்கள். ஒவ்வொரு வயலுக்கும் எண், பெயர், சொந்தக்காரர், உழுபவர், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று எழுதிவைத்தார்கள். டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1955இல் எழுதிய நூல் ஒன்றில், வேலியும் பாதையும் வரப்புமே எழுத்தில்லாத ஆவணம் என்று காட்டினார். காலில் செருப்போடு வயலில் நடந்து படிக்க வேண்டிய வரலாறு அது.

நம்மிடமும் நில அளவை வரைபடம் இருக்கிறது. துல்லியத்தில் குறையில்லை. ஆனால் அதில் வயலுக்கு எண் மட்டும்தான். வயலின் பெயர் இல்லை. நமது வயல்களுக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? பத்து, செய், மடைப்பெயர், மரத்தின் பெயர், சாமியின் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அவை பெரியவர்கள் நாவில் மட்டும் இருக்கின்றன. வயலை உழுத குத்தகைக்காரர், வாரக்காரர் பெயரும் பட்டாவில் வராது. வயல் வீட்டுமனையாகும்போது அந்தப் பெயர் மறைகிறது. அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கண்ணியும் அதோடு சேர்ந்து மறைகிறது.

மறந்த வழியைத் தண்ணீர் மறக்காது

இது வெறும் பெருமைக்கான வேலை அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தீவுபோல் ஆயின. அப்படிப்பட்ட மழையை எந்த வாய்க்காலும் முழுதாகத் தாங்காது. ஆனால் மறுகால் ஓடை எங்கே போனது, எந்தக் குளம் உடைந்தால் எந்தக் குளத்துக்குத் தண்ணீர் போகும் என்று தெரிந்த ஊருக்கும் தெரியாத ஊருக்கும் வேறுபாடு உண்டு. தூர்ந்துபோன ஓடையில் கட்டிய வீட்டுக்குள்தான் தண்ணீர் முதலில் வரும்.

வறண்ட ஆண்டில் பிரச்சினை வேறு விதம். அணையில் தண்ணீர் குறையும்போது எந்தக் காலுக்கு முதலில் திறப்பது, எத்தனை நாள் முறை என்று கேள்வி எழும். அப்போது 'மாமூல்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். மாமூல் என்பது வழக்கம். வழக்கத்தை நிரூபிக்க ஆவணமோ சாட்சியோ வேண்டும். இரண்டும் இல்லாத ஊரின் உரிமை வாய்ப்பேச்சாகவே நின்றுவிடும். குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் குளத்தின் எல்லை எது என்று காட்டினால்தான் சட்டம் வேலை செய்யும்.

உங்கள் ஊரில் எங்கே தொடங்கலாம்?

முதலில் கிராம வரைபடத்தை வாங்குங்கள். அதில் ஊரின் எல்லை, குளம், ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் இருக்கும். புலப்படமும் அ-பதிவேடும் அரசின் நில ஆவண இணையச் சேவையிலேயே பார்க்கலாம். அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று குறித்த எண்களைத் தனியே எழுதி, எது குளம், எது வாய்க்கால், எது ஓடை என்று பட்டியல் போடுங்கள்.

இரண்டாவது, அந்தப் பட்டியலோடு நடந்து பாருங்கள். மடையில் தொடங்கித் தண்ணீர் போகும் திசையிலேயே கடைசி வயல்வரை போங்கள். தண்ணீர் வரும்போது ஒரு முறை, கோடையில் ஒரு முறை. கோடையில்தான் தூர்ந்த இடமும் அடைத்த இடமும் தெரியும்.

மூன்றாவது, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிடுங்கள். யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைத் திருத்தம் 1979க்குப் பிறகு நடந்தது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டை எஸ்.எல்.ஆர். என்பார்கள். இரண்டிலும் ஒரே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், வாய்க்கால் எப்போது கணக்கில் மாறியது என்று தெரியும். நகல் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இன்னும் பழையவை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கக்கூடும்.

நான்காவது, கோயிலில் கல்வெட்டு இருந்தால் அதன் மேல் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்க விடாதீர்கள். படம் எடுத்துத் தொல்லியல் துறையிடமோ, அருகிலுள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிடமோ காட்டுங்கள். அச்சில் வந்த கல்வெட்டுத் தொகுதிகளும் பழைய நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறைய இருக்கின்றன.

ஐந்தாவதுதான் அவசரமான வேலை. ஊரில் 75 வயதைத் தாண்டிய ஆண்களையும் பெண்களையும் வயல்பக்கம் அழைத்துப் போங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்பதைவிட வரப்பில் நின்று கேட்டால் நினைவு தெளிவாக வரும். வயலின் பெயர், மடையின் பெயர், தண்ணீர் பாய்ச்சியவர் யார், அவருக்குக் கூலியாக எவ்வளவு நெல், 1992 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்த பெண்களுக்கு எந்த வயலில் சேறு ஆழம், எங்கே உவர் என்று ஆண்களைவிட நன்றாகத் தெரியும். பட்டாக்காரர்களை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சொன்னவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பெரியவர் சொன்னது வரைபடத்தில் இருக்கிறதா, வரைபடத்தில் இருப்பது தரையில் இருக்கிறதா என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அது ஆதாரம். ஒத்துப்போகாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்தவர் தேடும்போது உதவும்.

எழுதியதை ஒரு நாற்பது பக்க நோட்டில் வைத்தாலும் போதும். நகல் ஒன்றைப் பாசன சங்கத்திலும், இன்னொன்றைப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்து வையுங்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்பு கோடையில் இதற்கு நேரம் கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு குளத்தின் ஆயக்கட்டை முடித்துவிடலாம்.

முக்கூடல் எங்கே என்ற கேள்விக்கு இரண்டு பதில் கிடைத்தது. எது எந்த நூலின் ஊர், எது எந்த ஆற்றின் கூடல் என்று பிரித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பாட்டை எழுதியவர் கரையையும் நாட்டையும் பெயர் சொல்லிக் குறித்துவைத்ததுதான். உங்கள் ஊர்க் குளத்துக்கு அப்படிக் குறித்துவைத்தவர் இருக்கிறாரா? இல்லையென்றால் இந்தக் கோடையிலேயே நோட்டை எடுத்துக்கொண்டு மடைக்குப் போங்கள்.